மருந்து இருக்கிறது, போய்ச் சேரவில்லை: இதய நோய் பற்றி வாசகர் கேள்விகள்

வளரும் நாடுகளில் இதய நோய் பெருகிவருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு எங்கள் மருத்துவர் குழு இங்கே பதில் சொல்கிறது.

மாரடைப்பு என்றால் பணக்கார நாட்டு வியாதி என்று கேட்டே வளர்ந்தோம். இப்போது ஏழை நாடுகளில்தான் அதிகம் பேர் இதனால் இறக்கிறார்கள் என்கிறார்கள். எப்படி மாறியது? (கல்லூரி மாணவி)

உண்மைதான். 2019-ல் இதய, ரத்தக்குழாய் நோய்களால் உலகில் சுமார் 1 கோடியே 79 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்த ஆண்டு இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இந்தச் சாவுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நேர்ந்தவை.

ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. பேதி, அம்மை, பிரசவக் காய்ச்சலில் சாகாமல் தப்பியவர்கள் ஐம்பது, அறுபது வயதைத் தொடுகிறார்கள். அதே காலத்தில் புகையிலை, உப்பு, பாக்கெட் உணவு, உட்கார்ந்தே பார்க்கும் வேலை எல்லாம் வந்து சேர்ந்தன. பணக்கார நாடுகளில் இந்த மாற்றம் பல தலைமுறைகளாக நடந்தது. வளரும் நாடுகளில் ஒன்றிரண்டு தலைமுறைக்குள் முடிந்துவிட்டது.

ஆனால் பழக்கவழக்கத்தை மட்டும் குறை சொன்னால் கணக்கு சரியாக வராது. 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த 'ப்யூர்' ஆய்வு 2014-ல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். கொழுப்பு, எடை, ரத்த அழுத்தம் போன்ற ஆபத்துகளைக் கூட்டி மதிப்பெண் போட்டால் பணக்கார நாட்டுக்காரர்களுக்குத்தான் மதிப்பெண் அதிகம், ஏழை நாட்டவருக்குக் குறைவு. சாவு மட்டும் தலைகீழ். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தவர்களில் இறந்தவர்கள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 6 அல்லது 7 பேர், ஏழை நாடுகளில் 17 பேர்.

ஆபத்து குறைவாக இருந்தும் ஏன் அதிகம் பேர் சாகிறார்கள்? அதே ஆய்வின் 2011-ம் ஆண்டு முடிவில் பதில் இருக்கிறது. ஒருமுறை மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்களுக்குத் தர வேண்டிய மருந்துகள் நான்கு வகை: ஆஸ்பிரின், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், 'ப்ரில்' என்று முடியும் பெயர்கொண்ட ஏஸ் தடுப்பான் அல்லது அதற்கு மாற்று, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின். இந்த நான்கில் ஒன்றைக்கூடச் சாப்பிடாதவர்கள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 11 பேர். ஏழை நாடுகளில் 80 பேர். நான்குமே காப்புரிமை காலாவதியான பழைய மருந்துகள். கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் மிச்சம். கீழே வரும் கேள்விகளில் சில கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

தெற்காசியர்களுக்கு மரபணுவிலேயே இதய நோய் எழுதியிருக்கிறது என்கிறார்களே, அப்படியானால் என்ன செய்தும் பயனில்லையா? (வங்கி ஊழியர்)

பயன் உண்டு. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, முதல் மாரடைப்பின் பின்னணியை அலசியது. புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனஅழுத்தம், காய்கனி போதாமை, உடலுழைப்பின்மை, மது அருந்தும் விதம் ஆகிய ஒன்பதும் சேர்ந்து ஆண்களில் 90 சதவீத, பெண்களில் 94 சதவீத ஆபத்துக்குக் காரணமாக இருந்தன. எந்தக் கண்டமானாலும் இதே ஒன்பதுதான்.

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. அந்த ஆறு வருட வித்தியாசத்தின் பெரும்பகுதியை, இந்த ஆபத்துகள் அவர்களை இளமையிலேயே பிடித்துக்கொள்வது விளக்கிவிட்டது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் பரிசோதனையை முன்கூட்டியே தொடங்குங்கள். விதி என்று விட்டுவிடாதீர்கள்.

எடை மெஷினைவிட அளவு நாடாவை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. ஒல்லியாகத் தெரிபவர்களும் இதில் மாட்டுவதுண்டு.

வீட்டில் பிபி மெஷின் வாங்கினோம். அம்மாவுக்கு ஒரு தடவை 158, ஐந்து நிமிடம் கழித்து 141, மறுநாள் 133. மெஷின் கெட்டுவிட்டதா? (இல்லத்தரசி)

பெரும்பாலும் மெஷின் கெடுவதில்லை, அளக்கும் முறைதான் மாறிவிடுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். தப்பாக அளந்தால் தேவையில்லாதவருக்கு மாத்திரை போகும், தேவையானவருக்கு "எல்லாம் நார்மல்" என்ற பதில் போகும்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். முதுகு சாயும் நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கை மேஜைமேல், பட்டை நெஞ்சின் நடு உயரத்தில். கையை மடியில் வைத்தால் மேல் அளவு (இரண்டு எண்களில் பெரியது) சுமார் 4 புள்ளி கூடும், தொங்கவிட்டால் 6-க்கு மேல் கூடும்.

பட்டையை வெறும் கையில் கட்டுங்கள். அதன் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். இறுக்கம் ஒரு விரல் நுழையும் அளவு. சட்டைக் கையைச் சுருட்டி மேலேற்றினால் அதுவே ஒரு கயிறு மாதிரி இறுக்கும், கையை உருவி வெளியே எடுத்துவிடுவது நல்லது. பல மெஷின்களோடு வரும் சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். பருத்த கையில் அதைக் கட்டினால் ஒரு சைஸ் குறைவுக்கு சுமார் 5 புள்ளி, இரண்டு சைஸ் குறைவுக்கு 20 புள்ளி வரை ஏற்றிக் காட்டும். அம்மாவின் மேல்கையை நாடாவால் அளந்து, பட்டையில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

அளக்கும்போது பேச்சுக் கூடாது. "எவ்வளவு காட்டுது?" என்று அம்மா கேட்டாலே எண் ஏறிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். முதல் நாள் இரு கைகளிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையிலேயே பிறகு தொடருங்கள்.

காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் இப்படி 7 நாள் எழுதிவையுங்கள். முதல் நாள் எண்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம். மருத்துவமனையில் எடுக்கும்போது அதே எல்லை 140/90. ஒற்றை எண்ணுக்காகப் பதற வேண்டாம். ஆனால் 180/120-ஐ எட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்தல் ஏதாவது இருந்தால் சராசரிக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். மணிக்கட்டு மெஷினைவிட மேல்கை மெஷின் நம்பகமானது. நாடி தாறுமாறாக ஓடுபவர்களுக்கு மெஷின் தடுமாறும், அவர்கள் மருத்துவரிடமே பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பாவுக்கு பிபி 128-க்கு இறங்கிவிட்டது. "சரியாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். எப்படிப் புரியவைப்பது? (மென்பொருள் பொறியாளர்)

128 வந்ததே மாத்திரையால்தான் என்று சொல்லுங்கள். நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ அழுத்தம் பழைய இடத்துக்கே ஏறும். ஏறுவது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் பெரும்பாலும் தலைவலிகூட வராது. 2019 கணக்குப்படி உலகில் 30 முதல் 79 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 128 கோடி. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அப்பா இப்போது அந்த ஐந்தில் ஒருவராக இருக்கிறார், அதை விட்டுவிட வேண்டாம். மேல் அளவு 10 புள்ளி இறங்கினால் மாரடைப்பு வகை நோய்கள் 17 சதவீதமும் பக்கவாதம் 27 சதவீதமும் குறைகின்றன.

நிறுத்தியதற்கு அவர் சொல்லாத காரணம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். ஏஸ் தடுப்பான் வறட்டு இருமலைத் தரும், அதைச் சளி என்று நினைத்து மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் மாற்று மருந்து இருக்கிறது. ஒரே மருந்தை முழு அளவுக்கு ஏற்றுவதைவிட இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தால் அழுத்தம் நன்றாக இறங்கும், தொல்லையும் குறையும். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. இதயம் படபடத்து மாரடைப்பே வரலாம், குறைப்பதென்றால் படிப்படியாகத்தான்.

மாதம் ஒரு முறை வரிசையில் நின்று வாங்க வேண்டியிருப்பதும் மாத்திரை நின்றுபோகப் பெரிய காரணம். அளவு நிலைப்பட்டவருக்கு ஒரே சீட்டில் 2, 3 மாத மருந்து தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இதில் மருத்துவர் இல்லாமலே நிறையச் செய்யலாம் என்பதற்கு அத்தாட்சி உண்டு. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தம் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவரை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட இவர்களுக்கு மேல் அளவு கூடுதலாக 5 புள்ளி இறங்கியது. சீனாவில் 326 கிராமங்களில் நடந்த சோதனையில், அதிகம் படிக்காத கிராம வைத்தியர்களிடமே வழிமுறை அட்டையையும் மருந்தையும் கொடுத்தார்கள். மூன்று ஆண்டில் இதய, பக்கவாத நோய்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

ஒரே வில்லையில் பல மருந்து சேர்ந்த 'பாலிபில்' பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். ஈரானிய கிராமங்களில் சுமார் 6,800 பேரிடம் ஐந்து ஆண்டு சோதித்ததில், பெரிய இதய நிகழ்வுகள் 34 சதவீதம் குறைந்தன. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய வில்லைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பல வகை வில்லைகளில் ஆஸ்பிரின் இருக்கும். வயிற்றுப்புண், ரத்தக்கசிவு உள்ளவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

உப்பைக் குறைக்க முடியவில்லை. பொட்டாசியம் கலந்த உப்பு நல்லதா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பலருக்கு நல்லது, சிலருக்கு ஆபத்து. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கச் சொல்கிறார்கள். உலகச் சராசரி அதைப் போல இரண்டு மடங்கு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் சோதனை நடந்தது. முக்கால் பங்கு சாதாரண உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்து சமைத்தவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதமும், மொத்தச் சாவு 12 சதவீதமும் குறைந்தன. நாக்குக்குப் பெரிய தியாகம் இல்லாமல் கிடைத்த பலன் இது. வீட்டில் சமைக்கும் உப்பே பெரும்பங்காக இருக்கும் இடங்களில்தான் இது இப்படி வேலை செய்யும். பாக்கெட் உணவிலிருந்து வரும் உப்பை இந்த வழியில் குறைக்க முடியாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த உப்பு கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். ஏஸ் தடுப்பான் சாப்பிடுபவர்கள் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவரைக் கேட்டு மாறுங்கள். வாங்கும்போது அயோடின் சேர்த்ததா என்றும் பாருங்கள்.

எண்ணெயை மாற்றினால் ஒரு நாட்டுக்கே கொழுப்பு குறையுமா? (சமையல் கலைஞர்)

குறைந்திருக்கிறது. மொரீஷியஸ் 1987-ல் தன் மக்களுக்குக் கிடைத்த சமையல் எண்ணெயை, பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததை, சோயா எண்ணெய்க்கு மாற்றியது. ஐந்தே ஆண்டில் சராசரி ரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு சுமார் 30 மில்லிகிராம் இறங்கியது. அதோடு ஆரோக்கிய வாழ்க்கை பற்றிய நாடு தழுவிய பிரசாரமும் நடந்தது.

நீங்கள் உங்கள் அடுப்படியில் செய்யக்கூடியது: லேபிளில் 'பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட' என்ற சொல் இருந்தால் அந்தப் பொருளை எடுக்காதீர்கள். அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. மொத்தக் கொழுப்பில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் வேண்டாம்.

நாளுக்கு ஒரே ஒரு சிகரெட்தான். அதுவுமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

அதுவும்தான். நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய ஆபத்து, இருபது பிடிப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதி. இருபதில் ஒரு பங்கு அல்ல. ரத்தக்குழாயின் உள்சுவரும் ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத்தட்டுகளும் சிறு புகைக்கே கிளர்ந்துவிடுகின்றன. குறைப்பது நல்ல தொடக்கம், ஆனால் ஒன்றில் நின்றுவிடாதீர்கள். முழுதும் விட்ட ஒரு வருடத்தில் கூடுதல் ஆபத்து சுமார் பாதியாகும்.

பெரிய இதய மருத்துவமனைக்கு எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம். நெஞ்சுவலி வந்தால் வாயுவா, மாரடைப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்ன செய்வது? (விவசாயி)

வீட்டிலிருந்தபடி யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சந்தேகத்தை மாரடைப்பு பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சின் நடுவில் கல்லை வைத்தது போன்ற அழுத்தம், இடது தோள், கை, தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவுவது, குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சு முட்டல் இருந்து 10, 15 நிமிடத்தில் அடங்காவிட்டால் கிளம்புங்கள். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களில் சிலருக்கு வலியே பெரிதாக இருக்காது. திடீர் களைப்பும் வியர்வையும் மட்டும் வரும். வாயு மாத்திரை சாப்பிட்டு விடியட்டும் என்று காத்திருந்த அந்த இரவில்தான் பலர் இறந்துபோகிறார்கள்.

உள்ளே நடப்பது இது. இதயத்துக்கு ரத்தம் தரும் குழாயின் சுவரில் படிந்த கொழுப்புக் கட்டி வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அரை மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கி, உள்ளிருந்து வெளியே பரவுகிறது. செத்த தசை திரும்ப முளைக்காது.

செய்ய வேண்டியது: அவரை நடக்கவிடாதீர்கள், மாடிப்படி ஏறி இறங்கவும் கூடாது. சாய்ந்து உட்காரவையுங்கள். ஒவ்வாமை, ரத்தக்கசிவு இல்லையென்றால் 300 மி.கி. சாதாரண ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கச் சொல்லுங்கள். மெல்லாமல் விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு என்று பக்கவாதச் சாயல் இருந்தால் ஆஸ்பிரின் கூடாது, அது மூளை ரத்தக்கசிவாக இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும் என்றால் அதில் போங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது.

எங்கே போவது என்பதில்தான் உங்களைப் போன்றவர்கள் தவறுகிறார்கள். மூன்று மணி நேரப் பெரிய மருத்துவமனைக்கு நேராக ஓடாதீர்கள். இசிஜி எடுத்து, உறைவைக் கரைக்கும் ஊசி போடும் வசதி அருகில் எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து, அந்த எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள். ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்துவைக்கும் கம்பிவலைக் குழாய்) வைக்கும் இடத்தை 2 மணி நேரத்துக்குள் எட்டி அடைப்பைத் திறக்க முடியாதென்றால், முதலில் அந்த ஊசி, பிறகு பயணம் என்பதே வழிகாட்டு நெறி. முதல் 2, 3 மணி நேரத்தில் அதன் பலன் மிக அதிகம், 12 மணி நேரம் வரை பலன் உண்டு. டெனெக்டிபிளேஸ் ஒரே தடவையில் ஏற்றும் ஊசி. பழைய ஸ்ட்ரெப்டோகைனேஸை 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் சொட்டாக ஏற்றுவார்கள். 1988-ல் 17,187 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களிடம், இரண்டுமே பெறாதவர்களைவிட, ஐந்து வாரச் சாவு 42 சதவீதம் குறைந்தது. சமீபத்தில் பெரிய அறுவை, மூளை ரத்தக்கசிவு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு இந்த ஊசி கூடாது.

முதல் இசிஜி சுத்தமாக வந்து, வலி நிற்கவில்லையென்றால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். 15, 30 நிமிடம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வழியில் மயங்கி மூச்சு நின்றால், நெஞ்சின் நடுவில் 5, 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். "தனியாக இருந்தால் பலமாக இருமுங்கள்" என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை நம்பி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

என் 12 வயது மகளுக்குத் தொண்டைப்புண்ணில் தொடங்கி இதய வால்வு கெட்டுவிட்டது என்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. குழந்தை வலியில் அழுகிறாள். எப்போது நிறுத்தலாம்? (ஒரு தாய்)

இது ரூமாட்டிக் இதய நோய். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் படை, அடையாளம் தவறி வால்வைத் தாக்குகிறது. பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்த நோயுடன் 2019-ல் உலகில் சுமார் 4 கோடிப் பேர் வாழ்ந்தார்கள். நெருக்கடியான வீடுகளிலும், தொண்டைப்புண்ணுக்கு மருந்து எட்டாத இடங்களிலும்தான் அது தங்கியிருக்கிறது.

அந்த பென்சாத்தின் பென்சிலின் ஊசி வால்வைச் சரிசெய்யாது. அடுத்த தொற்று வந்து மீண்டும் தாக்காமல் காக்கும். ஒவ்வொரு தாக்குதலும் வால்வில் புதிய தழும்பை வைத்துவிட்டுப் போகும் என்பதால், ஒரு ஊசி தவறினாலும் அந்த இடைவெளியில் கதவு திறந்திருக்கும். வால்வில் பழுது தங்கிவிட்டவர்களுக்குக் கடைசித் தாக்குதலிலிருந்து 10 ஆண்டு அல்லது 40 வயது, எது பிந்தியதோ அதுவரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. இதயம் பாதிக்கப்படாமலே தப்பியவர்களுக்குக் குறைந்தது 5 ஆண்டு அல்லது 21 வயது, எது பிந்தியதோ அதுவரை. எக்கோ (இதயத்தின் ஒலி அலை ஸ்கேன்) பரிசோதனையைப் பார்த்து இதய மருத்துவரே நிறுத்தும் தேதியைச் சொல்ல வேண்டும்.

வலியைக் குறைக்க வழி இருக்கிறது. மருந்தைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஏற்றாமல் அறை வெப்பத்துக்கு வரவிடச் சொல்லுங்கள். 2, 3 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றினால் வலி குறையும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் சிறிது சேர்ப்பதும் உண்டு, கேட்டுப் பாருங்கள். போடும் இடத்தைச் சில விநாடி விரலால் அழுத்திப் பிடித்துவிட்டு ஊசி போடுவதும் உதவும். இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எந்தப் பக்கம் என்று தேதியோடு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்த தேதிக்கு மருந்து இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே விசாரித்துவிடுங்கள். பல் பிடுங்குவதோ வேறு அறுவையோ செய்ய வேண்டிவந்தால் வால்வு நோய் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவள் வளர்ந்து பெரியவளானதும், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே ஒரு எக்கோ எடுத்துக்கொள்வது அவசியம். கர்ப்ப காலத்தில் ரத்த ஓட்டம் பாதியளவு கூடும்போதுதான் சுருங்கிய வால்வு தன்னைக் காட்டிக்கொள்ளும்.